கம்பியில்லாக் கானம்

மாலை மங்கி இருள் கவியும் நேரம். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தின்மீது ஓர் இளைஞர் நடந்து வருகிறார். அவர் கையில் ஒன்றும் இல்லை. அருகில் பேசுவாரும் இல்லை. ஆயினும் அவர் தலை மெல்ல அசைகின்றது. விரல்கள் பாலத்தின் கைபிடிக் கம்பியிலே தாளமிடுகின்றன. நம் பாட்டனார் காலத்தவர் ஒருவர் இக்காட்சியைக் கண்டிருப்பாராயின், “ஐயோ பாவம், பிள்ளைக்கு என்ன நேர்ந்ததோ!” என்று இரங்கியிருப்பார். நாம் இரங்குவதில்லை. அவருடைய செவித்துளைகளில் புளியங்கொட்டை போன்ற இரு சிறு கருவிகள் செருகப்பட்டிருப்பதும், சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியிலிருந்து அவற்றுக்குப் பாட்டு வந்துகொண்டிருப்பதும் இன்று சிறு குழந்தைக்கும் தெரிந்த செய்தி.

பையிலிருந்து செவிக்கு முக்கால் கஜத் தொலைவுதான். அத்தொலைவை ஒரு நூலிழையும் இணைக்கவில்லை. இஃது இந்நூற்றாண்டின் புதுமை என்று அவ்விளைஞர் எண்ணுவார். எண்ணுவதில் பிழையில்லை. ஆனால் அவர் நடந்து செல்லும் அந்தப் பாலத்தின் கீழே, கம்பியில்லாமல் இசை கேட்கும் வழக்கம் ஒன்று, வானொலி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே இருந்து வந்தது. பாலத்தின்மேல் கேட்கப்படும் இசைக்கும் பாலத்தின்கீழ் கேட்கப்பட்ட இசைக்கும் இடையேயுள்ள வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

மட்டக்களப்பு வாவி வடக்கு தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடும் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் அழைப்பர். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டே தம் ஊருக்குப் பெயரிட்டுக்கொண்ட மக்கள் அவர்கள். அந்நாட்டுக்கு வழங்கும் மற்றொரு பெயர் ‘மீன்பாடும் தேனாடு’ என்பது. வெறும் புலவர் கற்பனையால் எழுந்த பெயரன்று அது. நிலாக்காலத்து நள்ளிரவில், காற்று அடங்கி, நீர் அசையாதிருக்கும் வேளையில், கல்லடிப் பாலத்தை அடுத்த நீர்ப்பரப்பில் தோணியை நிறுத்திச் செவிகொடுப்பார்க்கு, நீரின் அடியிலிருந்து மெல்லிய நாதம் ஒன்று கேட்டது. துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைச் செவியோடு பொருத்திக்கொண்டால் அந்நாதம் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பது வாவிக்கரையார் அனுபவத்தால் கண்ட உண்மை.

இதனை நூலில் எழுதிவைத்த மேனாட்டார் ஒருவர் உளர். இலங்கையில் குடியேற்றச் செயலாளராகப் பதவி வகித்த சேர் ஜேம்ஸ் எமெர்சன் டெனென்ட் என்பார் 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மட்டக்களப்புக்கு வந்திருந்தார். இரவில் படகேறிச் சென்று இவ்வொலியைத் தம் செவியாலேயே கேட்டார். அஃது ஒரே நாதமாக நீண்டு ஒலிக்கவில்லை. நுண்ணிய ஒலிகள் பல, ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிந்து, மேலும் கீழுமாகிய சுருதிகளில் கலந்து எழுந்தன என்று அவர் குறித்தார். படகின் மரத்திலே காதை வைத்தபொழுது ஒலி பன்மடங்கு பெருகிற்று என்பதையும் மறவாமல் எழுதினார். மீனவர்களை வினாவியபோது, இது மீனின் பாட்டன்று, ஊரி என்னும் சிப்பி வகையின் ஒலி என்று அவர்கள் கூறினராம். 1859இல் வெளிவந்த அவருடைய இலங்கை பற்றிய நூலால் இச்செய்தி உலகறிந்ததாயிற்று.

மீனோ, ஊரியோ, பாடுவது யாது என்னும் வழக்கு இன்றும் ஐயமறத் தீர்ந்தபாடில்லை. மீன்கள் ஒலி எழுப்பும் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, சோசலிட்டோ என்னும் கரையோர ஊரில், மிதக்கும் வீடுகளில் வாழ்ந்தோர் இரவெல்லாம் கேட்ட ரீங்காரத்தால் உறக்கம் இழந்தனர். இயந்திர ஓசை என்று சிலர் ஐயுற்றனர். பெண்மீனை அழைக்கும் ஒருவகை ஆண்மீனின் குரலே அது என்று 1980களில் அறிஞர் கண்டறிந்தனர். அம்மீன் தன் வயிற்றிலுள்ள காற்றுப்பையைத் தசையால் அதிரச் செய்து பாடுகின்றது.

இனி, துடுப்பை ஏன் செவியில் வைக்கவேண்டும்? இதற்கு அறிவியல் தரும் விடை எளியது. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நீரிலோ 1500 மீட்டர் செல்லும். நீருக்குள் அத்துணை விரைவாக ஓடிவரும் ஒலி, நீரின் மேற்பரப்பை அடைந்ததும் திகைத்து நின்றுவிடுகின்றது. நீரும் காற்றும் இயல்பில் மிக வேறுபட்டவை ஆதலால், ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே காற்றுக்குள் ஏறுகின்றது. எஞ்சியது திரும்பவும் நீருக்குள்ளேயே மடங்கிவிடுகின்றது. மரமோ நீரின் அதிர்வை எளிதில் ஏற்றுக்கொள்வது. துடுப்பின் மரத்திலே ஏறிய அதிர்வு செவியருகேயுள்ள எலும்பின் வழியாக உட்செவியை நேரே அடைந்துவிடும். எலும்பின் வழியாக ஒலியைச் செலுத்தும் காதுக் கருவிகள் இக்காலத்துக் கடைகளில் விற்பனையாகின்றன. அக்கருவியின் தத்துவத்தைத் தோணிக்காரர் துடுப்பினாலேயே அறிந்திருந்தனர் அன்றோ!

இவ்வாவியின் நாதத்தைத் தமிழ் இலக்கியத்துள் ஏற்றிய பெருமை சுவாமி விபுலாநந்தரைச் சாரும். 1892ஆம் ஆண்டு மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவிலே பிறந்தவர் அவர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். வாவிக்கரையில் கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும், அதன் முன்னே அவரது சமாதியும் இன்றும் உள்ளன. பாடும் மீனின் ஒலியை நீரரமகளிரின் பாட்டாகக் கொண்டு அவர் இயற்றிய ‘நீரரமகளிர் இன்னிசைப் பாடல்’ பலரும் அறிந்தது. மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணக்கினாலே மீட்டெடுத்து அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அவர் மறைந்தார். கேட்க முடியாததாகிவிட்ட ஓர் இசையைக் கேட்க முயன்ற பேரறிஞர், கூர்ந்து கேட்டாலன்றிக் கேட்காத ஓர் இசையின் கரையிலே வளர்ந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இங்ஙனம் இயற்கையே நடத்திய ஒலிபரப்பு வாவியில் நிகழ்ந்துகொண்டிருக்க, மனிதன் வகுத்த வானலை ஒலிபரப்பு எவ்வாறு வந்தது?

1895ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கம்பியின்றிச் சென்ற மின்காந்த அலையினால் சுவருக்கு அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். 1901இல் மார்க்கோனி அத்திலாந்திக் பெருங்கடலுக்கு அப்பாலிருந்து வந்த குறியொலியைக் கேட்டார். 1922இல் இலண்டனில் பி.பி.சி. தொடங்கிற்று. அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, 1925 டிசம்பர் 16ஆம் நாள், கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராகிய எட்வர்ட் ஹார்ப்பர் என்பாரே இதற்கு மூலகர்த்தர். தொடக்கச் சோதனைகளுக்கு அவர் பயன்படுத்திய கருவி எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் பகுதிகளைக் கொண்டு அஃது அமைக்கப்பட்டது. வாவியிற்போலவே இங்கும் இசை நீருக்கடியிலிருந்தே வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அச்சோதனைகளில் முதலில் வானேறியவை கிராமபோன் இசைத்தட்டுகளே. ஆகவே இலங்கையில் வானலை ஒலிபரப்பு சுமந்த முதற் சுமை இசைதான். கல்லடியிலே பழைய இரும்புப் பாலம் எழுந்ததும் இதே காலத்தில், 1924ஆம் ஆண்டில், என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட வலிமைமிக்க நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. இந்தியாவிலோ, 1952ஆம் ஆண்டு முதல் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஏறத்தாழ ஒதுக்கியே வைத்தது. 1957இல் விவித பாரதி தோன்றும்வரை அந்நிலை நீடித்தது. அந்த இடைக்காலத்தில் தமிழ்நாட்டு மக்களும் பாட்டுக் கேட்கக் கொழும்பை நோக்கியே செவி திருப்பினர். மயில்வாகனம் அவர்களின் குரல் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் உறவுக்காரர் குரல்போல் ஆயிற்று.

மட்டக்களப்பின் ஊர்களில் அந்நாளைய வானொலி கேட்டலை முதியோர் சொல்லக் கேட்கவேண்டும். ஊருக்கு ஒன்றோ இரண்டோ பெட்டிதான் இருக்கும். மின்சாரம் எட்டாத படுவான்கரைச் சிற்றூர்களில் அப்பெட்டி பற்றறியைக் கொண்டே இயங்கும். மாலையானதும் பெட்டியுள்ள வீட்டின் முற்றம் நிறையும். பாய் விரித்துப் பெண்டிர் ஒருபுறமும், வேலியோரத்தில் ஆடவர் ஒருபுறமுமாக அமர்வர். பாட்டு ஒன்று, செவிகள் நூறு. பாட்டு முடிந்ததும் “நல்லாப் பாடினான்” என்று ஒருவர் சொல்ல, “அந்தக் காலத்து அண்ணாவியார் குரலுக்கு இது ஈடாகுமா?” என்று மற்றவர் மறுப்பர். இசையைக் கேட்பது என்றால், கேட்டபின் அதைப்பற்றி வழக்காடுவதும் அதனுள் அடக்கம்.

இது வானொலி வந்து புகுத்திய பழக்கமன்று. வட்டக்களரியிலே விடியவிடிய ஆடப்பெறும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளையும், கண்ணகி அம்மன் கோயிற் குளிர்த்திப் பாட்டையும் கூடியிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கூத்துக்குச் செல்ல இயலாத நோயாளியும்கூட, நள்ளிரவில் வாவியின் அக்கரையிலிருந்து மிதந்து வரும் மத்தள ஓசையைப் படுக்கையில் கிடந்தே கேட்பார். இம்மக்களின் கூத்தையும் பாட்டையும் வாழ்வையும் தொகுத்து, பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்கள் எழுதிய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது.

வாவியின் நாதமும் ஒருநாள் வானேறிற்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, புனித மிக்கேல் கல்லூரியைச் சார்ந்த இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வொலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. துடுப்பு செய்த வேலையை மின்கருவி செய்தது. தோணியில் இருந்த இருவர் மூவர் கேட்ட இசையை நாடே கேட்டது.

இதன்பின் வந்த மாற்றம் பெட்டியைச் சிறிதாக்கிய மாற்றம். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ட்ரான்சிஸ்டர் என்னும் சிற்றுறுப்புப் பிறந்தது. 1954இல் அதனைக் கொண்டு கையடக்க வானொலிகள் விற்பனைக்கு வந்தன. முற்றத்தில் அசையாதிருந்த பெட்டி இப்போது வயல் வரம்புக்கும், காவற் பரணுக்கும், மீன்பிடித் தோணிக்கும் உடன் சென்றது. 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது தென்னைகளும் மின்கம்பங்களும் சரிந்தன. கம்பியை நம்பியவை யாவும் ஊமையாயின. அத்தகைய வேளையில் பற்றறியால் இயங்கும் சிறு பெட்டியின் அருமை எவர்க்கும் விளங்கும். பின்னர் போர்க்காலம் வந்தது. 1990களில் வடபகுதிக்குப் பற்றறி கொண்டுசெல்லத் தடை இருந்தபோது, யாழ்ப்பாணத்து மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்டனர். ஒருவர் சுழற்ற, சூழ இருந்தோர் கேட்டனர். கேட்கவேண்டும் என்னும் வேட்கை மனிதரிடத்து எவ்வளவு வலியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதற்கிடையே, 1979இல் யப்பானிலிருந்து வாக்மன் என்னும் ஒலிநாடாக் கருவி வந்தது. தனியொருவர் காதில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே கேட்பதற்கென்று அமைந்தது அது. கூட்டத்தின் நடுவிலே ஒருவர் தமக்கென ஓர் இசையுலகை வைத்துக்கொள்ளலாயினார். ஆனால் கருவிக்கும் காதுக்கும் இடையே ஒரு கம்பி இருந்தது.

இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டு தொடங்கிற்று. பேசுவதற்கென வந்த அக்கருவி நாளடைவில் வானொலியையும் இசைப்பேழையையும் தன்னுள் விழுங்கிற்று. கைத்தொலைபேசியில் வானொலி கேட்க விரும்பியோர் முதலில் காதுக் கம்பியைச் செருகவேண்டியிருந்தது. செருகாவிடில் வானொலி இயங்காது. காரணம் யாது? பண்பலை ஒலிபரப்பின் அலைநீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். அதனைப் பற்றுவதற்கு அதில் நான்கில் ஒரு பங்காவது நீளமுள்ள கம்பி வேண்டும். தொலைபேசிக்குள் அதற்கு இடமில்லை. ஆகவே காதுக் கம்பியே வானலைவாங்கியாகவும் தொழிற்பட்டது. இசையைக் காதுக்குக் கொண்டுசெல்லும் கம்பியே வானத்திலிருந்து இசையை இறக்கவும் உதவிற்று.

அக்கம்பியை அறுத்தது புளூடூத் என்னும் முறை. 1994ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில் பணியாற்றிய ஜாப் ஹார்ட்சன் முதலியோர் இதனை வகுக்கத் தொடங்கினர். 1998இல் பல நிறுவனங்கள் கூடி இதனைப் பொதுமுறையாக்கின. பெயர், பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹரால்ட் என்னும் டென்மார்க் மன்னரின் பட்டப்பெயர். ‘நீலப்பல்லர்’ என்பது பொருள். பிரிந்து கிடந்த நாடுகளை அவர் இணைத்தாற்போல, வெவ்வேறு கருவிகளை இஃது இணைக்கும் என்று கருதி அப்பெயர் இட்டனர். 2003ஆம் ஆண்டு முதல் நல்ல இசையையும் இவ்வழியே அனுப்புவதற்கு விதிகள் அமைந்தன. 2016இல் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமாகிய ஆப்பிள், காதுக் கம்பி செருகும் துளையே இல்லாத தொலைபேசியை விற்கத் தொடங்கியது; வேறு பலரும் அவ்வழியே சென்றனர்.

இதன் தொழிற்பாடு வியக்கத்தக்கது. தொலைபேசி பாட்டை எண்களாக்கிச் சுருக்குகின்றது. சிறுசிறு பொதிகளாகக் கட்டுகின்றது. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள வானலையில் ஏற்றி அனுப்புகின்றது. அவ்வலை ஒரே வழியில் நில்லாது, 79 அலைவழிகளுள் ஒன்றைவிட்டு ஒன்றாக வினாடிக்கு 1600 முறை தாவுகின்றது. எந்த வழிக்கு எப்போது தாவவேண்டும் என்பது தொலைபேசிக்கும் காதுக் கருவிக்கும் மட்டுமே தெரிந்த மறைக்கணக்கு. இதனாலேயே ஒரு பேருந்தில் நாற்பது பேர் நாற்பது பாட்டுக் கேட்டாலும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. இவ்வாறு அலைவழி தாவும் எண்ணத்துக்கு முன்னோடிகளாக இருந்தோருள், ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும் ஜோர்ஜ் அந்தைல் என்னும் இசைப்புலவரும் குறிப்பிடத்தக்கவர்கள். தானே இயங்கும் பியானோவின் துளைச்சுருளைக் கண்டு, பியானோவின் கட்டைகள்போல் 88 அலைவழிகளில் தாவும் முறையொன்றை வகுத்து, 1942இல் காப்புரிமை பெற்றனர். கடலுக்கடியில் செல்லும் எறிகணையைப் பகைவர் குறுக்கீடின்றிச் செலுத்துவதே அன்று அவர்கள் கருதிய பயன்.

எனினும் இந்த அலைக்கு ஒரு குறை உண்டு. அஃது நீரைக் கடவாது. உணவைச் சூடாக்கும் நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ இதே அலைநீளத்தைத்தான் பயன்படுத்துகின்றது. நீர் இவ்வலையை உறிஞ்சிக்கொள்வதனாலேயே உணவு சூடேறுகின்றது. அடுப்பின் ஆற்றல் ஆயிரம் வாட்டளவு. தொலைபேசியின் அலையோ ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒருசில பங்கே ஆதலால் நமக்குச் சூடு தெரிவதில்லை. ஆனால் நம் உடலிற் பெரும்பகுதி நீர் என்பதால், தொலைபேசியை இடுப்பின் பின்பையில் வைத்துவிட்டு நடக்கும்போது சில வேளைகளில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கின்றது. நீர் புகாத தொலைபேசியொன்றைக் கல்லடி வாவியில் முழுக அமிழ்த்தினால், சில அங்குல ஆழத்திலேயே பாட்டு நின்றுவிடும். உவர்நீர் இன்னும் விரைவாக அதனை விழுங்கும். வாவியின் பழைய இசையோ நீரிலே பிறந்து நீரிலே நெடுந்தூரம் ஓடுவது, காற்றுக்குள் ஏறமாட்டாதது. பாலத்தின்மேலுள்ள இசை கீழே இறங்காது. கீழுள்ள இசை மேலே ஏறாது. இரண்டும் ஒரு பாலத்தின் இரு புறத்தும் ஒன்றையொன்று அறியாமல் ஒலிக்கின்றன.

இவ்வரலாற்றால் நாம் பெற்றது யாது? இழந்தது யாது?

பெற்றது பெரிது. நள்ளிரவில் உறங்கும் குழந்தையை எழுப்பாமல் தாய் ஒரு பாட்டைக் கேட்கலாம். செவிப்புலன் குன்றிய முதியவர், தம் செவித்துணைக் கருவியிலேயே தொலைபேசியின் ஒலியை நேராகப் பெறலாம். கனடாவிலோ இலண்டனிலோ பனிப்பொழிவினூடே வேலைக்குச் செல்லும் மட்டக்களப்பு மகன், தன் ஊர்க் கூத்துப் பாடலைக் காதோடு வைத்துக்கொண்டு நடக்கலாம். இவை சிறிய நன்மைகள் அல்ல.

இழந்ததையும் சொல்லவேண்டும். காதுக் கம்பி போனதோடு, பல தொலைபேசிகளில் வானிலிருந்து நேராக வரும் வானொலியும் போயிற்று. இன்று அவற்றில் வானொலி கேட்பதென்றால் இணையத்தின் வழியேதான் கேட்கவேண்டும். இணையத்துக்கு ஊரிலே கோபுரம் நிற்கவேண்டும்; கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும்; கேட்பவருக்குப் பணமும் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கல்லடியையும் நாவலடியையும் கடல் புகுந்து அழித்ததை மறக்க இயலாத மண்ணிலே, எல்லாக் கம்பிகளும் அறுந்தபின்னும் எல்லார்க்கும் ஒருங்கே எட்டும் குரல் ஒன்று வேண்டும் என்பதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கம்பியில்லாக் கருவி என்று நாம் கொண்டாடும் இதுவே, கண்ணுக்குத் தெரியாத பல கம்பிகளை நம்பி நிற்கின்றது. சிறு வானொலிப் பெட்டி ஒன்றையும் வீட்டிலே வைத்திருப்பது பழமை பேசுவதாகாது, அறிவுடைமையே ஆகும்.

செவியின் நலமும் கருதத்தக்கது. முற்றத்துப் பெட்டியின் ஒலி மிகுந்தால் அடுத்த வீட்டார் வந்து சொல்வர். காதுக்குள் மிகும் ஒலியைக் கண்டிப்பார் எவருமிலர். 80 டெசிபெல் அளவுள்ள ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோர் செவி கெடும் ஆபத்தில் உள்ளனர் என்றும் அந்நிறுவனம் எச்சரித்துள்ளது. மெல்லிய ஒலிகளைக் கேட்கும் ஆற்றல் ஒருமுறை கெட்டால் மீள்வதரிது.

மற்றோர் இழப்பும் உண்டு. முற்றத்திலே கேட்டவர்கள் ஒரே பாட்டைக் கேட்டு அதனைப்பற்றிப் பேசினர்; வழக்காடினர்; குழந்தைகள் தாமே தேடியிராத பாட்டுகளையும் உடனிருந்து கேட்டுக் கற்றனர். இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு பாட்டுக் கேட்கின்றனர். ஒருவர் கேட்பது மற்றவர்க்குத் தெரியாது. மூத்தோரிடமிருந்து இளையோருக்கு ஒரு பாட்டு செல்லும் வழி, அது மூத்தோர் வாயிலோ பெட்டியிலோ உரக்க ஒலிப்பதுதான். அவ்வழி அடைபட்டால், தாலாட்டும் குளிர்த்தியும் கவியும் எவர் செவியில் விழும்? இதனை அறிஞரும் உணர்ந்தனர் போலும். ஒரு கருவியிலிருந்து எண்ணற்ற காதுக் கருவிகளுக்கு ஒரே வேளையில் ஒலி அனுப்பும் முறையை 2022இல் புளூடூத் அமைப்பினர் அறிமுகம் செய்துள்ளனர். தனிமைக்கென வந்த கருவி, ஒலிபரப்பு என்னும் பழைய அறத்துக்கே திரும்பி வருகின்றது.

வாவியின் பாட்டைக் கேட்டோம் என்று சொல்பவர்கள் இப்போது அருகி வருகின்றனர். பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013இல் அகன்ற புதுப் பாலம் திறக்கப்பட்டது. அதன்மேல் வண்டிகள் ஓய்வின்றிச் செல்கின்றன. வாவியில் இயந்திரப் படகுகளும் ஓடுகின்றன. பாட்டே நின்றுவிட்டதா, கேட்பதற்கேற்ற அமைதி நின்றுவிட்டதா என்று எளிதில் துணிய இயலாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: அப்பாட்டு எவரையும் தேடி வந்ததில்லை. கேட்க விரும்பியவர்கள் உறக்கத்தை விட்டு, நிலாவை நோக்கி, தோணியேறிச் சென்று, துடுப்பை ஊன்றி, மூச்சடக்கி இருந்தனர். கைக்குள் அடங்கும் இசைக்கு அந்த முயற்சி வேண்டுவதில்லை. எனவே அம்முயற்சியை நாம் மறக்கலாகாது.

நேயர்களே, பாலத்தின்மேல் நடந்த அவ்விளைஞரை நாம் குறைகூறவில்லை. அவர் கேட்கும் பாட்டு நல்ல பாட்டாகவே இருக்கட்டும். அடுத்த நிறைநிலா நாளில் மட்டும், தம் பாட்டியையோ தம்பியையோ உடன் அழைத்துக்கொண்டு, அந்தச் சிறு கருவிகளைப் பையிலிட்டு, பாலத்தின் கீழே ஒரு தோணியில் இறங்கட்டும். துடுப்பை நீரில் வைத்துச் செவியைப் பொருத்தட்டும். ஒன்றும் கேளாமற் போனாலும் போகலாம். கேட்டாலோ, துடுப்பை அடுத்தவர் கையிற் கொடுத்து, “உங்களுக்கும் கேட்கிறதா?” என்று வினாவட்டும்.